ஒரே டப்பாக் களிம்பு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பேருந்து நிலையத்துக் களிம்பு வியாபாரியின் குரல் நினைவிருக்கும். வண்டி புறப்படுவதற்குள் ஏறி, ஒரு சின்னத் தகர டப்பாவை உயர்த்திக் காட்டி, சொறி, சிரங்கு, படை, தேமல், சேற்றுப்புண் என்று மூச்சு விடாமல் அடுக்கி, அத்தனைக்கும் இது ஒன்றே போதும் என்று முடிப்பார். ஊர்ச் சுவர்களிலும் அதே வரிசை பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வீடு அந்த டப்பா இருந்தது. தாத்தாவின் கால் விரல் இடுக்குக்கும் பேரனின் மணிக்கட்டுக்கும் அதிலிருந்தே எடுத்துப் பூசினார்கள். அந்த வரிசையை இன்று நிதானமாகப் படித்தால் வியப்பாக இருக்கிறது. சிரங்கைத் தருவது ஒரு பூச்சி. படையைத் தருவது பூஞ்சை. தேமலும் பூஞ்சைதான், ஆனால் வேறு குடும்பம். வெளியிலிருந்து வந்து தொற்றுவதுகூட அல்ல, எல்லாருடைய தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகை, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது பெருகிவிடுவது. சேற்றுப்புண்ணில் ஈரத்தில் ஊறி வெளுத்த தோலைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே மூச்சில் சொல்லப் பழகியதால், தோலில் வருவதெல்லாம் ஒரே சாதி நோய், அரிப்பு நின்றால் குணம் என்ற ஒரு பாடத்தை நாம் படிக்காமலே படித்துவிட்டோம். தகர டப்பா ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாடம் மறையவில்லை. அது இன்று மருந்துக் கடை டியூபுக்குள் இருக்கிறது. இந்தியாவில் படை எளிதில் அடங்காத நோயாக மாறியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

சிரங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் காரணம் கண்ணெதிரே இருந்தும் மனிதர்கள் அதைப் பார்க்க மறுத்த கதை அதில்தான் நன்றாகத் தெரிகிறது. 1687இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளுநரும் சிரங்குக் கொப்புளத்திலிருந்து ஒரு நுண்பூச்சியை எடுத்து, உருப்பெருக்கியில் பார்த்து, படம் வரைந்து, நோய்க்குக் காரணம் இதுவே என்று எழுதினார்கள். ஒரு நோய்க்குக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிர் காரணம் என்று காட்டப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. மருத்துவ உலகம் ஏற்கவில்லை. உடம்பின் நீர்மங்கள் கெட்டுப்போவதால் சிரங்கு வருகிறது என்ற பழைய கொள்கை அதற்குப் பிறகும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு நின்றது. 1834இல் பாரிஸில் ரெனுச்சி என்ற மாணவர் ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகே வாதம் ஓய்ந்தது. அந்த வித்தையை அவர் கற்றது கல்லூரியில் அல்ல. அவருடைய சொந்தத் தீவான கோர்சிகாவின் ஏழைப் பெண்கள் பிள்ளைகளின் கையிலிருந்து அப்படித்தான் பூச்சியை எடுப்பார்கள். ஐரோப்பாவின் பேராசிரியர்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மூரில் இன்றும் ரத்தம் கெட்டுவிட்டது, உடம்பு சூடு, கத்தரிக்காய் சேரவில்லை என்று சிரங்குக்குக் காரணம் சொல்பவர்கள் அந்த 1687க்கு முந்தைய கொள்கையைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். கத்தரிக்காய் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். சிரங்கை அது கொடுக்காது.

பூச்சிதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே மாறிவிடும். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இராது. தோலின் மேலடுக்கில் சுரங்கம் போல வளை தோண்டி முட்டையிடும். சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பு முழுவதற்கும் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். இரவெல்லாம் அவர் படும் பாடு அந்தப் பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பினால் வருவது. முதல் முறை தொற்றும்போது இந்த எதிர்ப்பு உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது ஒருவர் சொறியத் தொடங்கும் நாளில், அவர் பக்கத்தில் படுத்த தம்பிக்கும் மடியில் கிடந்த குழந்தைக்கும் பூச்சி ஏற்கெனவே போயிருக்கும். அவர்களுக்கு இன்னும் அரிக்கவில்லை, அவ்வளவுதான். அரிப்பவருக்கு மட்டும் மருந்து போடும் வீட்டில் சிரங்கு திரும்பத் திரும்ப வருவதன் ரகசியம் இதுதான். பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கும் தொப்புளும் விடாமல் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குத் தலையும் முகமும் சேரும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கும். அது மருந்து தோற்றதற்கு அடையாளம் இல்லை. இதில் எந்தப் படியும் கடினமானதில்லை. ஆனால் அரிப்பையே நோய் என்று நினைப்பவருக்கு இதில் எதுவுமே புரியாது: அரிக்காத அப்பாவுக்கு எதற்கு மருந்து என்பார், அரிப்பு நிற்காததால் மருந்தை மாற்றுவார்.

இங்கே ஒரு மறுப்பு உடனே வரும். இவ்வளவு எதற்கு, சுத்தமாக இருந்தால் தோல் நோய் வராது என்பார்கள். பள்ளிகளில் நகம் பார்த்து, தலை பார்த்து, சிரங்குள்ள பிள்ளையைக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பிய காலத்தின் அறம் இது. சுத்தம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சிரங்குப் பூச்சி குளியலுக்கு அஞ்சுவதில்லை. தினம் இரு வேளை சோப்பு போட்டுக் குளிப்பவரின் தோலுக்குள்ளும் அது பத்திரமாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தே பார்த்தார். போரில் சேர மறுத்த தொண்டர்கள் சிலர், சிரங்கு பிடித்த படைவீரர்களின் துவைக்காத உள்ளாடைகளை அணிந்தார்கள். அந்த வீரர்கள் போர்த்திய கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். மிகச் சிலருக்கே தொற்றியது. பெரும்பாலும் தோலும் தோலும் நீண்ட நேரம் ஒட்டியிருப்பதால்தான் அது பரவுகிறது என்று அவர் காட்டினார். கம்பளிகளை வெந்நீரிலும் மருந்திலும் போட்டெடுக்க அரசு செலவிட்ட உழைப்பு பெரும்பாலும் வீண் என்றும் தெரிந்தது. ஆக, கேட்க வேண்டியது எத்தனை முறை குளித்தாய் என்பதை விட, ஒரு பாயில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்பது. விடுதிகளிலும் முகாம்களிலும் சிறைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் சிரங்கு தங்குவதற்கு அங்குள்ளவர்களின் சோம்பல் காரணமில்லை, இடப் பற்றாக்குறை காரணம். தண்ணீர் வேறு வகையில் முக்கியம்: சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிப்பதைச் சோப்பும் தாராளமான தண்ணீரும் குறைக்கும். குடிநீரின் தூய்மையைப் பற்றியே பேசும் நாம், கழுவிக்கொள்ளத் தேவையான தண்ணீரின் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. தெருவுக்கு வாரம் ஒரு லாரி தண்ணீர் வரும் இடத்தில் போய்ச் சுத்தம் பேணுங்கள் என்று அறிவுரை சொல்வதை நான் நாகரிகமாகக் கருதவில்லை.

அந்தச் சீழை அற்பமாக நினைக்கவும் முடியாது. பிள்ளைகளின் மூக்கடியிலும் முழங்காலிலும் தேன் காய்ந்தது போல் மஞ்சள் பொருக்கு கட்டும் புண்ணும், வெயில் காலத்தில் வரும் கட்டியும், நம்மூரில் மாம்பழச் சூட்டின் தலையில் கட்டப்படுபவை. காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். முதலாவது நல்ல ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் வாழ்கிறது. வேர்வையும் கீறலும் அதற்குக் கதவு திறக்கின்றன. மாம்பழம் வரும் மாதமும் வேர்க்கும் மாதமும் ஒன்றாக இருப்பதே மாம்பழம் செய்த குற்றம். இரண்டாவது தோலோடு நிற்காது. சில வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோலில் புண் உண்டாக்கினால், சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகத்தில் அழற்சி வரும். காலையில் பிள்ளையின் முகம் உப்பும், சிறுநீர் கறுக்கும். சிரங்கிலிருந்து சிறுநீரகம் வரை ஒரு வழி இப்படிப் போகிறது. ஃபிஜித் தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. அங்கே சில தீவுகளில் நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 32 பேரிடம் இருந்த சிரங்கு ஓராண்டில் இரண்டு பேருக்கும் கீழே இறங்கியது. சீழ்ப் புண்ணும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எதையும் கொடுக்காமலே. காரணத்தைப் பிடித்தால் அதன் வால்களும் சேர்ந்து வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு நேரத்திலும் உலகில் இருபது கோடிப் பேருக்கு அது இருக்கிறது என்று மதிப்பிடுவதும் அந்த நிறுவனம்தான்.

இனிப் படை. படர்தாமரை என்ற அழகான பெயரும் அதற்கு உண்டு. தோலின் மேலடுக்கு, நகம், முடி ஆகியவற்றிலுள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை இது. ஒரு புள்ளியில் இறங்கி நாற்புறமும் வெளிநோக்கிப் பரவும். உடம்பின் எதிர்ப்பு பின்தொடர்ந்து போவதால் நடு வெளிறி, ஓரம் மட்டும் சிவந்து தடித்து நிற்கும். வட்டம் உருவாவது இப்படித்தான். அந்தச் சிவப்பும் அரிப்பும் உடம்பு நடத்தும் சண்டையின் தடயம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மருந்துகள் இந்தப் பூஞ்சையை ஓரளவு சரியாகவே தாக்கின. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவது வெறும் நம்பிக்கை இல்லை. பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. அரசு மருத்துவமனைகளில் கொடுத்த விட்ஃபீல்டு களிம்பில் பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் இருந்தன. ஒன்று பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும், மற்றது பூஞ்சை பிடித்த மேல்தோலை உரித்துத் தள்ளும். பேருந்து நிலையத்து டப்பாவில் கந்தகம் இருந்தால் அதுவும் சிரங்குப் பூச்சியைக் கொல்லக்கூடியதே. எரிச்சல், நாற்றம், வாரக்கணக்கில் பொறுமை என்று அவற்றுக்கெல்லாம் விலை உண்டு. எல்லாம் ஒன்று என்ற எண்ணத்தை டப்பா வளர்த்தது, அது தப்பு. ஆனால் பூசியவருக்குப் பெரிய கெடுதல் செய்யவில்லை.

டியூப் செய்தது. அதன் கலவையைப் பாருங்கள்: பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று அல்லது இரண்டு, எல்லாவற்றோடும் குளோபீட்டசால் போன்ற ஒரு ஸ்டீராய்டு. களிம்பு வியாபாரியின் வரிசையை ரசாயனமாக மாற்றியது போலத்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு. குளோபீட்டசால் தோலுக்கான ஸ்டீராய்டுகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. பூசிய இரண்டு நாளில் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு, குரைப்பு நின்றதால் திருடன் போய்விட்டான் என்று நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒப்பானது இது. உடம்பின் எதிர்ப்பு அடக்கப்பட்ட தோலில் பூஞ்சை முன்னைவிடத் தாராளமாகப் பரவும், டியூபை நிறுத்தினால் சில நாளில் இரண்டு மடங்காகத் திரும்பும், மறுபடி டியூப். படையின் வட்டமே குலைந்து, இன்னதென்று மருத்துவருக்கும் எளிதில் தெரியாத உருவம் பெறும். ஸ்டீராய்டால் முகம் மாறிய இந்தப் படையை 1968லேயே இங்கிலாந்து மருத்துவர்கள் தனிப் பெயரிட்டு விவரித்துவிட்டார்கள். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, நிரந்தரமான வரிகள் விழுகின்றன. ஒரு குடும்பத்தில் ஒருவர் வாங்கும் டியூபை எல்லாரும் பூசுகிறார்கள். துண்டும் உடையும் பாயும் பங்கிடப்படுவது போல மருந்தும் பங்கிடப்படுகிறது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியத் தோல் மருத்துவர்கள் கண்ட மாற்றம் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இரண்டு வாரம் டெர்பினஃபின் கொடுத்தால் போய்விடும் என்று பாடப்புத்தகம் சொன்ன படை, மாதக்கணக்கில் போகாமல் உடம்பெங்கும் பரவிய நிலையில் வரத் தொடங்கியது. காரணமான பூஞ்சை தனி இனம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் பெயரிட்டார்கள். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினஃபின் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டிருப்பதால் இதன் பல வகைகளிடம் அந்த மருந்து பலிப்பதில்லை. ஐரோப்பிய நாடுகளில் இது கண்டறியப்பட்டது. 2023இல் அமெரிக்காவிலும் முதல் நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். இங்கே நேர்மையான ஒரு மறுப்புக்கு இடம் உண்டு. ஸ்டீராய்டுதான் மரபணுவை மாற்றியது என்று யாரும் நிரூபிக்கவில்லையே. இறுக்கமான ஜீன்ஸ், கூடிய வெப்பம், நெரிசல், அரைகுறையாகத் தின்ற மாத்திரை, இவையெல்லாம் காரணமாக இருக்கலாமே? இருக்கலாம். நான் டியூபை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் மருந்துக்கு அடங்காத வகை ஒன்று தற்செயலாகத் தோன்றினாலும், அது வென்று பரவ வேண்டுமானால் நீண்ட நாள் ஒரு தோலில் தங்க வேண்டும், அரைகுறை மருந்தைச் சந்தித்துப் பிழைக்க வேண்டும், தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தவருக்குப் போக வேண்டும். இந்த மூன்று வசதியையும் ஒரே இடத்தில் செய்து கொடுப்பது அந்த டியூப். ஜீன்ஸ் போடுபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கடுமையான ஸ்டீராய்டைப் பூஞ்சை மருந்தோடு குழைத்து, தலைவலி மாத்திரை போலக் கேட்டு வாங்கும் வழக்கம் அப்படி எல்லா நாட்டிலும் இல்லை.

அடுத்த மறுப்பு கனமானது. தோல் மருத்துவரிடம் போக எல்லாருக்கும் வசதி உண்டா? அரை நாள் கூலியும் பேருந்துச் செலவும் போட்டு, வரிசையில் நின்று, அந்தரங்கமான இடத்தைக் காட்டக் கூசுபவர், கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டு வாங்குவதில் என்ன தப்பு? வாங்குபவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தும் பொருளை விரும்புவது மனித இயல்பு. தப்பு, அதை அவர் கைக்கு எட்டும்படி வைத்தவர்களுடையது. ஸ்டீராய்டுக் களிம்புகளை மேலே பூசுபவைதானே என்று விதி நெடுங்காலம் விட்டுக்கொடுத்திருந்தது. தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டு வற்புறுத்திய பிறகு 2018இல்தான் 14 ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை ஆயின. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இத்தகைய களிம்புகள் பலவும் இருந்தன. தடை ஏட்டில் இருக்கிறது. கலவையில் ஒன்றை மாற்றி வேறு பெயரில் வரும் டியூப் அலமாரியில் இருக்கிறது. ஏழைக்குத் தேவை மலிவான தப்பு மருந்து அன்று. ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசால் களிம்பும் மலிவானதே. மெதுவாக வேலை செய்யும், வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும், அவ்வளவே குறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது தட்டுப்பாடில்லாமல் கிடைப்பதும், அங்குள்ள செவிலியருக்குப் படையையும் சிரங்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியப் பயிற்சி இருப்பதும் நடக்காத காரியமில்லை. இந்த இரண்டும் கண்ணாலும் சில கேள்விகளாலும் பெரும்பாலும் பிடிபடும் நோய்கள்: இரவில் அதிகம் அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, விரல் இடுக்கில் இருக்கிறதா, ஓரம் தடித்து நடு வெளிறியிருக்கிறதா.

அரிப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. தோலில் தெரியும் நோய்களில் மிக விபரீதமான சில அரிப்பதே இல்லை. அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அக்கி என்பது சின்ன வயதில் வந்துபோன நீர்க்கொப்புள அம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் பல்லாண்டு பதுங்கியிருந்து மறுபடி கிளம்புவது. அதனால்தான் ஒரு நரம்பின் தடத்தில், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, வலியோடு வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். காவிக்குப் பெயர் கிடைத்தது அதனால். குயவர் கெடுதல் செய்வதில்லை, ஆனால் வைரஸ் மருந்து நன்றாகப் பலிப்பது முதல் 72 மணி நேரத்துக்குள். கண்ணருகே வந்த அக்கியில் அந்த நேரத்தை இழப்பது பார்வையையே பாதிக்கலாம். தொழுநோயோ அரிப்பும் இல்லாமல் வலியும் இல்லாமல், தேமல் போன்ற ஒரு வெளிறிய திட்டாகத் தொடங்குகிறது. தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இராது. பாக்டீரியா நரம்பைத் தின்றுகொண்டிருப்பதால் வரும் அந்த மரப்பைத் தொந்தரவில்லாத நிலை என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கூட்டு மருந்து சாப்பிட்டால் முற்றிலும் குணமாகும் நோய் இது, மருந்து இலவசம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். களிம்பு வியாபாரியின் வரிசையில் அதன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் டியூபை எடுத்து, பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அதைப் படைக்குப் பூசாதீர்கள். பூசிக்கொண்டிருந்தால் அந்த டியூபோடு மருத்துவரிடம் போய், எத்தனை நாளாகப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு என்று தெரிந்தாலும் எல்லாரும் சேர்ந்து மருந்து போடுங்கள். உணர்ச்சியில்லாத திட்டு எங்கே தெரிந்தாலும், அரிக்கவில்லையே என்று விட்டுவிடாமல், அந்த வாரமே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.